தொடுதா, தாண்டுதா?

அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசியது வணக்கம் அல்ல. உட்காருங்கள் என்பதும் அல்ல. நான் நீட்டிய பென்சில் படத்தை வாங்கினார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், காகிதத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார், நடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இது தொடுதா, தாண்டுதா?"

மின்சுற்றுப் படத்தில் இரண்டு கோடுகள் குறுக்கே சந்திக்கும். அங்கே கம்பிகள் இணைந்திருந்தால் ஒரு கரும்புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லையென்றால் ஒன்றை ஒன்று தாண்டிப் போகின்றன, ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் இல்லை என்று பொருள். பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் இதைப் பாடம் நடத்தியவன் நான்.

"பார்த்தாலே தெரியறதே. அது லைவ், இது நியூட்ரல். ரெண்டும் தொட்டா ஃப்யூஸ் போயிடாதோ?"

"உங்களுக்குத் தெரியுது சார். இப்பொ எனக்கும் தெரிஞ்சிட்டு. இந்தா இருக்குல்லா, இதுக்கு யாரு சொல்லுவா?" என்று மடிக்கணினியின் முதுகில் தட்டினார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து என் படங்களை எல்லாம் மேஜையில் பரப்பி எண்ணினேன். நான் எதையும் எண்ணுகிறவன். நாற்பது படங்களில் குறுக்குச் சந்திப்புகள் நூற்றுப் பதினாறு. அதில் ஐம்பத்திரண்டில் நான் எதுவுமே குறிக்கவில்லை. மறுநாள் சிவப்புப் பேனாவோடு திரும்பப் போனேன்.

ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு வயரிங் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். தாதரில் உள்ள ஒரு சின்னப் பதிப்பகம் அதைக் கேட்டிருந்தது. முதலில் படம் போட்டவன் மௌஸைப் பிடித்து இழுத்து இழுத்துப் போட்டான். தூரத்திலிருந்து பார்த்தால் அழகு. பூதக்கண்ணாடி வைத்தால் ஒரு கோடு பல்பைத் தொடாமல் மயிரிழையில் நிற்கும், இன்னொன்று சுவிட்சுக்குள்ளே நுழைந்துவிடும். பதிப்பாளர்தான் சலித்துப்போய், "தாராவியில ஒரு அம்மா இருக்காங்க, கணக்குக் கேள்வித்தாள் எல்லாம் அச்சுக்கோத்துக் கொடுக்கறவங்க. போய்ப் பாருங்க" என்று அனுப்பினார்.

அந்த அம்மா படத்தை வரைவதில்லை, எழுதுவார். கணிதப் புத்தகங்களை அச்சுக்கோக்கும் மென்பொருள் அது. 'இங்கேயிருந்து வலப்பக்கம் இரண்டு போ, போகிற வழியில் ஒரு சுவிட்ச் வை, அங்கிருந்து கீழே மூன்று இறங்கு, ஒரு பல்பு வை, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்' என்பதை அடைப்புக்குறிகளும் கோடுகளுமாகத் தட்டச்சு செய்வார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஓர் அரைப்புள்ளி. அது விட்டுப்போனால் படமே வராது, திரை முழுக்கப் பிழைச் செய்திகளாகத் திட்டும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு விசையைத் தட்டியதும் படம் வந்து நிற்கும். ஒரு கோடு இன்னொன்றை மயிரிழையளவும் மீறியிருக்காது.

புள்ளி வேண்டுமென்றால் நட்சத்திரக் குறி போட வேண்டும். அதனால் அவர் புள்ளி என்று சொல்லவே மாட்டார். "இங்க நட்சத்திரம் உண்டா சார்?" என்பார்.

அவர் பெயரைச் சொல்லி நான் ஒருமுறைகூட அழைத்ததில்லை. ஆரம்பத்தில் மேடம் என்றேன்.

"மேடம்னு சொல்லாதிய சார். பேங்க்ல டோக்கன் வாங்கிட்டு நிக்க மாதிரி இருக்கு."

"பின்னே எப்படிக் கூப்பிடறது?"

"கூப்பிடாமலே பேசுங்க. எதுத்தாப்லதான இருக்கேன்."

அப்படியே பழகிவிட்டது. அதனால் அவர் பெயரை இங்கேயும் எழுதவில்லை.

அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. நல்ல உயரம். கஞ்சி போட்ட பருத்திச் சேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர், ஆனாலும் பேச்சு அச்சு அசல் திருநெல்வேலிச் சீமை. ஞாயிற்றுக்கிழமை காலை கோவில். அவர் கோவில் என்று சொல்வது தேவாலயத்தை. பென்சிலால் நேராக ஒரு கோடு போடத் தெரியாது. ஒருமுறை மாஹிமில் உள்ள மருந்துக்கடைக்கு வழி கேட்டு, வரைந்து காட்டச் சொன்னேன். அவர் போட்டது புழு நெளிந்த மாதிரி இருந்தது. பிறகு அதைக் கசக்கிப் போட்டுவிட்டு வாயாலேயே சொன்னார்: "இங்கேருந்து நேரா போங்க, பெரிய ரோடு வந்ததும் இடது, பாலத்துக்கு அடியில வலது, அங்கேருந்து ரெண்டாவது கடை." சரியாகப் போய்ச் சேர்ந்தேன். கடைசியில் ஓர் அரைப்புள்ளிதான் பாக்கி.

இத்தனை சுற்றுகள் எழுதுகிறவருக்கு மின்சாரம் என்றால் பயம். அதை அவர் மறைத்ததும் இல்லை. மடிக்கணினியின் ஒயரைச் சொருக வேண்டுமென்றால் கீழே தோல்பைக் கடையிலிருந்து யாராவது வர வேண்டும். டிசம்பரில் வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும். உள்ளே இருக்கும் பல்பைப் பக்கத்து வீட்டார் எரியவிடும்வரை அது இருட்டாகவே இருக்கும்.

"படத்துல நீங்களே ஆயிரம் கனெக்‌ஷன் கொடுக்கறேள். ஒரு பிளக் சொருகப் பயமா?"

"படத்துல கரண்ட் ஓடாதுல்லா சார்."

தொடுதா, தாண்டுதா என்ற கேள்வியைப் படங்களுக்கு மட்டும் கேட்டிருந்தால் நான் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது. அவர் எதைப் பார்த்தாலும் அதைத்தான் கேட்பார். கட்டடத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் தண்ணீர்க் குழாய்க்காக ஒரு மணி நேரம் கத்திக்கொண்டிருந்தார்கள். இவர் வெளியே போய், "ரெண்டு பேரு பைப்பும் உள்ள தொடுதா, தாண்டுதா? அதை மொதல்ல பாத்துட்டு வந்து சண்ட போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். தொடவே இல்லையாம். இரண்டு பேரும் வீணாகக் கத்தியிருக்கிறார்கள்.

ரயிலிலும் அப்படித்தான். ஒருநாள் பதிப்பகத்துக்கு இருவரும் சேர்ந்து போனோம். சயானில் ஏறினோம். வண்டி மாட்டுங்காவை நெருங்கும்போது, கிங்ஸ் சர்க்கிளிலிருந்து மாஹிமுக்குப் போகிற ஹார்பர் லைன் வண்டி எங்கள் தலைக்கு மேலே கடகடவென்று குறுக்கே போயிற்று.

"பாத்தியளா? இது தாண்டுது," என்றார். "அந்த வண்டியில இருக்கவங்க இந்த வண்டிக்கு வரமுடியாது. நேர் மேலதான் இருக்காங்க. ஆனா முடியாது."

"இறங்கிச் சுத்திண்டு வரலாம்."

"சுத்தி வரலாம். அது வேற."

தாதரில் இறங்கியதும் பாலத்தின் மேல் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். சென்ட்ரல் லைன் ஒரு பக்கம், வெஸ்டர்ன் லைன் ஒரு பக்கம், நடுவில் எங்களை இடித்துக்கொண்டு போகும் ஜனங்கள். "இங்கதான் சார் நட்சத்திரம்," என்றார். பிறகு எத்தனையோ முறை அந்தப் பாலத்தைக் கடந்துவிட்டேன். காலடியில் ஒரு பெரிய கரும்புள்ளி இருக்கிற மாதிரியே தோன்றும்.

நாங்கள் சண்டை போட்டதும் உண்டு. பெரிய சண்டை வளைவைப் பற்றியது. பழைய புத்தகங்களில் ஒரு கம்பி இன்னொன்றைத் தாண்டுகிற இடத்தில் சின்னதாக ஒரு அரைவட்டம் போட்டுத் தாண்டும், குழந்தை வாசற்படியைத் தாண்டுகிற மாதிரி. நான் படித்த காலத்துப் படங்கள் அப்படித்தான். அது வேண்டும் என்றேன்.

"முடியாது சார்."

"மென்பொருள்ல வராதா?"

"வரும். நான் போடமாட்டேன். நேரா போற கம்பிக்கு என்னத்துக்குக் கூன் போடணும்? தொடலேன்னா தொடல. அதை ஊருக்கெல்லாம் குனிஞ்சு காட்டணுமாக்கும்?"

"அச்சுல ஒரு மைத்திட்டு விழுந்தா போச்சு. குறுக்குச் சந்திப்புல திட்டு விழுந்தா பையன் அதைப் புள்ளின்னு நினைச்சுப்பான்."

வளைவு இல்லாமலே அதைத் தவிர்க்க நான் ஒரு விதி சொன்னேன். இணைப்பு வேண்டுமென்றால் ஒரு கம்பி இன்னொன்றில் வந்து முட்டி நிற்க வேண்டும், அங்கேதான் புள்ளி. நான்கு பக்கமும் கம்பி போகிற குறுக்குச் சந்திப்பில் இந்தப் புத்தகத்தில் புள்ளியே வராது. இணைய வேண்டிய இடமாக இருந்தால் கொஞ்சம் தள்ளித் தள்ளி இரண்டு முட்டாகப் போட்டுக்கொள்ளலாம். ஆக, குறுக்கே எதைப் பார்த்தாலும் அது தாண்டுவதுதான். மைத்திட்டு விழுந்தாலும் குழப்பம் இல்லை.

அவர் பெப்பர்மின்ட் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "நல்ல ரூல் சார். இத மொதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு நேரம் கத்தியிருக்க வேண்டாம்லா?" அதன் பிறகு அந்த விதியை என்னைவிடக் கறாராக அவர்தான் காத்தார்.

அவருடைய கோலி, அந்த ஒற்றை அறையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், நைன்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், தோல்பை தைக்கிற கடைக்கு மேலே இருந்தது. மாடிப்படி என்று மரியாதைக்குச் சொல்லலாம், இரும்பு ஏணி. பிடித்து ஏறப் பக்கத்தில் ஒரு கயிறு. நடுப்பகலிலும் கும்மிருட்டு. விளக்கு உண்டு, ஆனால் சுவிட்ச் கீழே ஷட்டருக்குப் பின்னால் இருந்தது. அவர் மேலேயிருந்து கத்துவார்: "ஏ, யாராச்சும் லைட்டப் போடுங்க, சாரு வாராரு!" தையல் மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

என்னிடம் படித்த ஒரு வயர்மேனை அழைத்துக்கொண்டு போய், கீழே ஒன்று மேலே ஒன்று என்று இரண்டு சுவிட்ச் போடவைத்தேன். மாடிப்படி வயரிங் என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் உண்டு. எங்கள் கையேட்டில் பதினேழாவது படம். வேலை முடியும்வரை அவர் ஒரு மர முக்காலிமேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கீழ போட்டத மேல அணைக்கலாமா?"

"யார் வேணும்னாலும் போடலாம். யார் வேணும்னாலும் அணைக்கலாம்."

"அப்பொ சண்ட வருமே சார்."

"வரும். பேசித் தீர்த்துக்கணும்."

சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரிந்தது. பிறகு தலைப்பை அவிழ்த்துவிட்டு வெறும் விரலால் தட்டினார். எனக்குத் தெரிந்து அவர் வெறும் விரலால் தொட்ட ஒரே சுவிட்ச் அதுதான். அதன் பிறகு நான் ஏணியில் காலை வைத்த உடனே மேலேயிருந்து விளக்கு எரிய ஆரம்பித்தது. கீழ்ச் சுவிட்சை நான் தொடவேண்டிய தேவையே இருக்கவில்லை.

"நான்தான்னு எப்படித் தெரியறது?"

"ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிட்டே ஏறுதியளே. வேற யாரு ஏணிய எண்ணுவா?"

வாய்விட்டு எண்ணுகிறேன் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் மனைவி போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. நான் சத்தமாக எண்ணுகிறேன் என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை.

பதிப்பகம் கேட்டது எண்பது படங்கள். எண்பது முடிந்தபோது, அழைப்பு மணி பற்றி ஓர் அத்தியாயம் சேர்த்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு மணி ஒரு பொத்தான், ஒரு மணி இரண்டு பொத்தான், இரண்டு மணி, மணியோடு விளக்கு. பிறகு தண்ணீர்த்தொட்டி மோட்டார். பிறகு இன்வெர்ட்டர். பதிப்பாளர் போனில் பெருமூச்சு விட்டார். செம்பூரில் இருக்கும் என் மகன் ஞாயிறு தோறும் வந்து, என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போக முயல்வான்.

"அப்பா, பஸ் கரோ, போதும். புக்கு எப்போதான் முடியும்? டூ இயர்ஸா இதே சொல்றேள்."

"இன்னும் ரெண்டு அத்தியாயம்தான்டா."

"போன தீபாவளிக்கும் ரெண்டு அத்தியாயம்தான் இருந்தது."

அவன் கணக்கில் தப்பில்லை. செம்பூருக்குப் போய்விட்டால் தாராவி தூரம். புத்தகம் முடிந்துவிட்டால் அந்த ஏணியில் ஏற எனக்குக் காரணமே இல்லை. அவரிடம் நான் கேட்க விரும்பியது ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய கேள்வியேதான். தினம் பத்துத் தடவை என்னைப் பார்த்து அவர் கேட்கிற அந்த இரண்டு வார்த்தையை நான் ஒரே ஒரு தடவை திருப்பிக் கேட்டால் போதும். அறுபத்தொன்பது வயதில் அதைக் கேட்க வாய் வரவில்லை. படம் சேர்க்க மட்டும் கை வந்தது.

அவருக்குத் தெரியாமல் இல்லை. ஐந்தாவது மணிப் படத்தை நீட்டியபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்ன சார், இன்னும் எத்தன மணி அடிக்கப் போறிய? இத்தன மணி அடிச்சா பிள்ளைய எல்லாம் ஸ்கூல் விட்டாச்சுன்னு வீட்டுக்குப் போயிரும்."

"மாணவர்களுக்கு உபயோகமா இருக்கும்."

"இருக்கும் இருக்கும்," என்றார். கண்ணாடி கீழே இறங்கியது. "இங்க நட்சத்திரம் உண்டா?"

கடைசிப் படம் கட்டடச் சொந்தக்காரர் புண்ணியத்தில் வந்தது. அந்த மனிதர் ஒரு மழைக்காலம் முடிந்ததும் தகரத்தால் இன்னொரு மாடி எழுப்பி அதில் ஆள் குடிவைத்தார். மேலே வந்தவர்களுக்கும் ஏணி விளக்கைப் போட வேண்டும், அணைக்க வேண்டும்.

"மூணு எடத்துல சுவிட்ச் வைக்க முடியுமா சார்?"

முடியும். கீழ்ச் சுவிட்சிலிருந்து மேல் சுவிட்சுக்கு இரண்டு கம்பிகள் போகின்றன. நடுவில் வைக்கும் மூன்றாவது சுவிட்ச் ஒரு நேரம் அவற்றை நேராகப் போகவிடும், மறுநேரம் குறுக்காக இடம் மாற்றிவிடும். படத்தில் அந்தக் குறுக்கைத்தான் காட்ட வேண்டும். பென்சிலால் போட்டு, அழித்து, மறுபடி போட்டுக் கொடுத்தேன். அதைப் புத்தகத்தின் கடைசிப் படமாக வைக்கலாம் என்று அவரே சொன்னார். கடைசி என்ற வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. நானும் இன்னொரு அத்தியாயம் உண்டு என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

அந்த வாரத்திலேயே தூத்துக்குடியிலிருந்து போன் வந்தது. அங்கே இருந்த ஒரே தங்கைக்கு வாதம் வந்து, ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவர் கோலியைக் காலி செய்தார். அங்கேயிருந்தே வேலை செய்யலாம், இணையம் எங்கேயும் இருக்கிறது என்று எனக்குத்தான் தைரியம் சொன்னார். மூன்றாவது சுவிட்ச் அந்த ஏணிக்கு வரவே இல்லை.

வழியனுப்பத் தாதருக்குப் போனேன். முந்தின நாளே என் கேள்வியை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தேன். பிளாட்பாரத்தில் அவருடைய பைகளை எண்ணினேன். ஐந்து இருந்தது. ஆறு என்று சொல்லியிருந்தாரே என்று நான் பதறி, அங்கே இங்கே தேடினால், கடைசியில் ஆறாவது என் தோளிலேயே தொங்கியது. அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது.

வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து அந்தப் பென்சில் படத்தை எடுத்தார். ஜன்னல் கம்பியோடு வைத்துக் காட்டினார்.

"சார், கடைசிப் படம். இந்த எடம். அழிச்சு அழிச்சு ஒண்ணும் தெரியல. தொடுதா, தாண்டுதா?"

குனிந்து பார்த்தேன். ரப்பர் தேய்த்துத் தேய்த்து அந்த இடம் கறுப்பாகத்தான் இருந்தது. தாண்டறது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எங்கள் விதியும் அதுதான். அவருக்கும் அது தெரியும். இருந்தும் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாததா?" என்றேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். படத்தைப் பார்க்கும்போதுதான் அவர் அப்படிச் செய்வார்.

"நான் போடுதத வச்சுக்கிடுவியளா?"

"வச்சுப்பேன்."

வண்டி நகர்ந்தது. "தண்ணி பாட்டில் மூடியை இறுக்கி மூடுங்கோ" என்று நான் கத்தியது எனக்கே கேட்டது.

இரண்டு வாரம் கழித்து முழுப் புத்தகமும் மெயிலில் வந்தது. அச்சடித்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் சரிபார்க்கும் முறை எளிது. பென்சில் படங்களில் எத்தனை புள்ளி என்று கொடுக்கும்போதே குறித்துவைத்த ஒரு கணக்கு. அச்சில் எத்தனை வந்திருக்கிறது என்று ஒரு கணக்கு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். என் கணக்கு அறுநூற்று நாற்பத்தொன்று. அச்சில் அறுநூற்று நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன். பிறகு கடைசியிலிருந்து முன்னோக்கி எண்ண ஆரம்பித்ததும் உடனே அகப்பட்டுவிட்டது. மூன்று சுவிட்ச் படத்தில், இரண்டு கம்பிகளும் குறுக்கே போகிற இடத்தில், நட்டநடுவில், மைத்திட்டு அல்ல, உருண்டையாக ஒரு புள்ளி.

விரல் தவறி வருகிற புள்ளி அல்ல அது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். ஓடுகிற கோட்டை அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு விரலால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு விரலால் எட்டைத் தட்டினால்தான் நட்சத்திரம் விழும். பிறகு அங்கிருந்து கோட்டை மறுபடி தொடங்க வேண்டும். கடைசியில் அரைப்புள்ளி.

அந்த இடத்தில் கம்பிகள் தொட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். விபத்து எதுவும் இல்லை. ஃப்யூஸ் போகாது. ஆனால் விளக்கு எரிந்தபடியே இருக்கும்.

போன் செய்தேன். நானும் வணக்கம் சொல்லவில்லை.

"ஒண்ணு ஜாஸ்தியா இருக்கு."

"எண்ணிட்டியளா?" குரலுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"கடைசிப் படத்துல. குறுக்கே."

"ம்."

"அது இருந்தா விளக்கு அணையாது. மூணு சுவிட்சையும் எப்படிப் போட்டாலும் அணையாது."

"தெரியும் சார்."

இரண்டாவது விசிலும் அடித்தது.

"இருக்கட்டும்," என்றேன்.

"என்னது?"

"இருக்கட்டும். வச்சுக்கறேன்னு சொன்னேனோல்லியோ."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். "யாரு, நீங்களா சார் சொல்லுதிய? ஒரு கமா கூடிட்டுன்னு ஒரே நாள்ல மூணு வாட்டி ஏணி ஏறி வந்த மனுசனா?" சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. உள்ளேயிருந்து தங்கை "அக்கா" என்று கூப்பிடுவது கேட்டது. "வாரேன் இரு," என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

"பிள்ளைய இதப் பாத்துப் படிச்சுட்டுப் போயி பரீட்சையில போட்டா ஃபெயிலாக்கிருவான் சார். நம்ம ரூல் இருக்குல்லா. தாண்டுது. எடுத்திருதேன்."

அச்சடித்த தாளில் அந்தப் புள்ளியின்மேல் விரலை வைத்தேன்.

"நீங்க எண்ணுவியன்னு தெரியும்," என்றார். "அதான்." போனை வைத்தார்.

சாயங்காலத்துக்குள் திருத்திய படம் வந்துவிட்டது. இரண்டு கோடுகளும் ஒன்றை ஒன்று சுத்தமாகத் தாண்டிப் போயின. புத்தகம் அச்சாயிற்று. நான் செம்பூருக்கு வந்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு நான் போன் செய்வேன், தீபாவளிக்கு அவர் செய்வார். தங்கை இப்போது கைத்தாங்கலாக நடக்கிறாராம். "புதுசா படம் ஏதும் இருக்கா சார்?" என்று கேட்பார். இல்லை என்பேன். மழை பெய்கிறதா என்று மாறிமாறிக் கேட்டுக்கொள்வோம்.

கையேடு ஒரு பிரதி என் தலைமாட்டில் இருக்கிறது. அவ்வப்போது எடுத்து முதல் பக்கத்திலிருந்து எண்ணுவேன். அறுநூற்று நாற்பத்தொன்று சரியாக வரும். கடைசிப் படத்துக்கு வந்ததும் விரல் தானாகப் போய் அந்தக் குறுக்குச் சந்திப்பின்மேல் நிற்கும். வெறும் காகிதம்தான். அதையும் ஒன்று என்று சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தை மூடுகிறேன்.

வாய்விட்டுத்தான் சொல்கிறேனாம். அடுத்த அறையிலிருந்து மருமகள் கேட்கிறாள்: "என்னப்பா, இன்னிக்கும் நாற்பத்திரண்டா?"